72,000 வெள்ளி பிஎம்டபிள்யூவா, 85,000 வெள்ளி பென்ஸா? பழைய சொகுசு செடான் வாங்கும் முன் ஒரு கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, தங்கை வீட்டுக்காரர் மூன்று கார் விளம்பரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கீழே ஒரே ஒரு வரி: "மச்சான், இதுல எதை எடுக்கலாம்னு சொல்லுங்க."

முதலாவது, ஏழு வயது முடிந்த மெர்சிடிஸ் இ200. விலை 85,000 வெள்ளி, சிஓஇ, அதாவது சிங்கப்பூரில் காரை வைத்து ஓட்டுவதற்கான பத்தாண்டு உரிமம், இன்னும் 3 ஆண்டு இருக்கிறது. இரண்டாவது, 14 வயது பிஎம்டபிள்யூ 520ஐ. பத்தாண்டுக்கு சிஓஇ புதுப்பித்த வண்டி, இன்னும் 6 ஆண்டு ஓட்டலாம், விலை 72,000. மூன்றாவது, பென்ஸின் வயதே உள்ள லெக்சஸ் இஎஸ்300எச். 84,000 வெள்ளி, அதற்கும் 3 ஆண்டுதான்.

இந்த ஆசையைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "எம்ஆர்டி ரயில் இருக்கும்போது எதுக்கு இதெல்லாம்" என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. மாப்பிள்ளையின் அப்பா முப்பது ஆண்டு பேருந்து ஓட்டியவர். சொந்தமாக ஒரு கார் வைத்ததே இல்லை. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து போய்விட்டது. பொங்கோலிலிருந்து டாக்டரைப் பார்க்கப் போய் வருவதே அவருக்குப் பெரும்பாடு. வாழ்க்கையில் ஒரு முறையாவது நல்ல வண்டியில் அம்மாவை உட்கார வைத்து மலாக்காவுக்கும் பினாங்குக்கும் ஓட்டிப் போக வேண்டும் என்பது மாப்பிள்ளையின் பல நாள் கனவு. அந்தக் கனவுக்கு ஆண்டுக்கு எவ்வளவு போகிறது என்பதைத்தான் நாங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

சிங்கப்பூரில் பழைய கார் வாங்கும்போது விளம்பரத்தில் இருக்கும் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கடைசியில் கையில் திரும்பி வருவதைக் கழித்து, மிச்சத்தை ஓட்டப்போகும் ஆண்டுகளால் வகுக்க வேண்டும். கார் வியாபாரிகள் இதைத்தான் டிப்ரீசியேஷன் என்கிறார்கள். திரும்பி வரும் அந்தத் தொகைக்கு பார்ஃப் என்று பெயர். கார் முதலில் பதிவானபோது கட்டிய ஏஆர்எஃப் வரியில் ஒரு பங்கு அது. பத்து வயதுக்குள் காரைப் பதிவு நீக்கினால்தான் கிடைக்கும்.

பென்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் ஓஎம்வி, அதாவது இங்கே வந்து இறங்கியபோது சுங்கத்துறை மதிப்பிட்ட விலை, 45,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து விதிப்படி முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடும் அடுத்த 30,000 வெள்ளிக்கு 140 விழுக்காடும் ஏஆர்எஃப். ஆக 20,000 வெள்ளியும் 35,000 வெள்ளியும் சேர்ந்து 55,000. பத்தாம் ஆண்டு முடிவில் அதில் பாதி, 27,500 வெள்ளி, பார்ஃபாகத் திரும்பி வரும். 85,000 வெள்ளியில் அதைக் கழித்து மூன்றால் வகுத்தால் ஆண்டுக்கு 19,000 வெள்ளிக்குச் சற்று மேல். மாதம் 1,600 வெள்ளி. வண்டியை ஓட்டாமல் கீழ்த்தளத்தில் நிறுத்தி வைத்தாலும் இது கரைந்துகொண்டேதான் இருக்கும்.

பதிவான தேதியையும் கவனிக்க வேண்டும். 2023 பிப்ரவரியில் ஏஆர்எஃப் விகிதம் மேலே போனது, பார்ஃபுக்கு 60,000 வெள்ளி உச்சவரம்பும் வந்தது. அதற்கு முன் சிஓஇ எடுத்துப் பதிவான கார்களுக்கு அந்த வரம்பு கிடையாது. மிக விலை உயர்ந்த பழைய எஸ் கிளாஸ் வண்டிகளின் விலை ஒன்பது வயதிலும் இறங்காமல் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். விலையில் பெரும்பகுதி, அரசாங்கம் திருப்பித் தரப்போகும் பணம்தான்.

சரி, பிஎம்டபிள்யூவுக்கு வருவோம். சிஓஇ புதுப்பித்த காருக்கு பார்ஃப் கிடையாது. 72,000 வெள்ளியை 6 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 12,000. பென்ஸைவிட ஆண்டுக்கு 7,000 வெள்ளி குறைவு. மாப்பிள்ளை இந்த இடத்தில்தான் நின்றார். "மச்சான், இது பாதி விலையில ஓட்டுற மாதிரி இருக்கே?"

உண்மையில் அதற்கு இன்னொரு பலமும் உண்டு. புதுப்பித்தவர் சிஓஇக்கு 90,000 வெள்ளி கட்டியிருந்தால், 6 ஆண்டு மீதமிருக்கும்போது அதில் 54,000 வெள்ளி இன்னும் உயிரோடு இருக்கிறது. நாளைக்கே இஞ்சின் போனாலும் காரைப் பதிவு நீக்கி அந்தப் பணத்தை வாங்கிவிடலாம். ஆக இரும்புக்காக, அதாவது வண்டிக்காக மட்டும், நாம் கொடுப்பது 18,000 வெள்ளிதான். பென்ஸில் இதே கணக்கைப் போட்டால், இன்றைய பார்ஃப் 55,000 வெள்ளியில் 60 விழுக்காடு, அதாவது 33,000. சிஓஇ அப்போது 40,000 வெள்ளிக்கு எடுத்தது என்றால் மீதி 12,000. இரண்டும் சேர்ந்து 45,000. இரும்புக்கு 40,000 வெள்ளி கொடுக்கிறோம். காகிதத்தில் பார்த்தால் பழைய பிஎம்டபிள்யூதான் பாதுகாப்பானது. இதை நான் அவரிடம் மறைக்கவில்லை.

ஆனால் காகிதத்தில் எழுதாத செலவு ஒன்று இருக்கிறது. அதை நான் ஜோகூரில் யொங் பெங் பக்கத்தில் கற்றுக்கொண்டேன்.

2016இல் நானும் ஒரு ஜெர்மன் செடான் வாங்கினேன், அப்போது அதற்கு எட்டு வயது. ஓட்டுவதற்கு அவ்வளவு சுகம். கதவை மூடினால் வெளிச்சத்தமே கேட்காது. வாங்கி ஏழு மாதத்தில், டிசம்பர் பள்ளி விடுமுறையில், அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குக் கிளம்பினேன். யொங் பெங்கைத் தாண்டியதும் சூட்டு முள் ஏறியது. ஓரங்கட்டுவதற்குள் திரையில் சிவப்பு எழுத்து. மின்சாரத்தில் ஓடும் தண்ணீர் பம்ப் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றுவிட்டது. நெடுஞ்சாலை ஓரத்தில், வெயிலில், இரண்டரை மணி நேரம். அம்மாவுக்கு அப்போது 71 வயது. குடையைப் பிடித்துக்கொண்டு தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பம்ப், இழுவை வண்டி, இரண்டு நாள் விடுதி எல்லாம் சேர்த்து ஆன செலவை நான் மறந்துவிட்டேன். அம்மா நின்ற காட்சியை மட்டும் மறக்க முடியவில்லை.

பம்ப் ஓர் உதாரணம்தான். 2012 முதல் 2015 தொடக்கம் வரை வந்த பல 520ஐ, 320ஐ கார்களில் இருக்கும் என்20 இஞ்சினுக்கு இன்னொரு பெரிய கவலை உண்டு. டைமிங் செயினைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வழிகாட்டி காலப்போக்கில் உடைந்து போகும். உடைந்த துண்டு எண்ணெய்த் தொட்டியில் விழும், செயின் தளரும், கடைசியில் இஞ்சினே போய்விடும். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது மெல்லிய ஊளை போன்ற சத்தம் கேட்டால் அதைச் சாதாரணமாக எடுக்கக் கூடாது. ஆயில் ஃபில்டர் வைக்கும் பகுதியின் கேஸ்கெட்டும், வால்வ் மூடியின் கேஸ்கெட்டும் கசிவது இந்தக் கார்களில் கிட்டத்தட்ட வயதின் அடையாளம். நம் ஊர் வெயிலும், நெரிசலில் நின்று நின்று போகும் ஓட்டமும் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் சீக்கிரம் காயவைத்துவிடும். ஐரோப்பாவில் ஓடும் அதே காருக்கு இவ்வளவு சோதனை இல்லை.

இதற்கு மேல், பத்து வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரி ஒவ்வோர் ஆண்டும் 10 விழுக்காடு கூடி, 14 வயதுக்குப் பிறகு 50 விழுக்காட்டில் நிற்கும். இரண்டு லிட்டர் காருக்குச் சாதாரணமாக ஆண்டுக்கு 1,200 வெள்ளி என்றால் இதற்கு 1,800. பரிசோதனையும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்பது போய் ஆண்டுக்கு ஒரு முறை ஆகிவிடும். காப்புறுதி எடுக்கப் போனால் சில நிறுவனங்கள் முழுக் காப்புறுதி தரத் தயங்கும். இவையெல்லாம் சேர்ந்தாலும் 7,000 வெள்ளி வித்தியாசத்தைச் சாப்பிட்டுவிடாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறது, நம்பிக்கையான மெக்கானிக் இருக்கிறார், நாமும் பானட்டைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் என்றால் 520ஐ அருமையான தேர்வு. ஒரே கார், அதில் முழங்கால் வலியோடு ஓர் அம்மா, மாதத்துக்கு இரண்டு முறை மலேசியப் பயணம் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன்.

"அப்ப பென்ஸை வாங்கி, மூணு வருஷம் கழிச்சு நாமளே சிஓஇ புதுப்பிச்சுக்கலாமே?" என்றும் கேட்டார். நிறையப் பேர் இப்படி நினைத்துத்தான் வாங்குகிறார்கள். புதுப்பிக்கும் நாளில் பார்ஃப் போய்விடும், அந்த 27,500 வெள்ளி நமக்கு இல்லை. அதற்கு மேல் முந்தைய மூன்று மாத சிஓஇ விலையின் சராசரியைக் கட்ட வேண்டும். ஐந்தாண்டுக்கு மட்டும் என்றால் பாதி போதும், ஆனால் அந்த ஐந்தாண்டோடு வண்டி கதை முடிந்துவிடும், மறுபடி புதுப்பிக்க முடியாது. பெரிய கார்களுக்கான சிஓஇ 2023 அக்டோபரில் 150,001 வெள்ளி வரை போனதைப் பார்த்தோம். மூன்று ஆண்டு கழித்து அது எங்கே நிற்கும் என்று யார் சொல்ல முடியும்? மூன்று ஆண்டுக்கு மட்டும் வாங்குகிறோம் என்று நினைத்து வாங்குங்கள் என்றேன்.

பென்ஸுக்கும் லெக்சஸுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. லெக்சஸின் ஓஎம்வி 40,000 வெள்ளி என்று வைத்தால் ஏஆர்எஃப் 48,000, கடைசியில் வரும் பார்ஃப் 24,000. ஆண்டுத் தேய்மானம் சரியாக 20,000 வெள்ளி. பென்ஸைவிட 800 வெள்ளி கூட. அதன் இஞ்சின் 2,487 சிசி என்பதால் சாலை வரியும் ஏறக்குறைய 1,780 வெள்ளி, பென்ஸைவிட 580 கூடுதல். ஆக 1,400 வெள்ளி பின்தங்குகிறது.

பெட்ரோல் அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். லெக்சஸ் ஹைப்ரிட், நெரிசலில்தான் அதன் திறமை தெரியும். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்ற கணக்கில் 1,000 லிட்டர். பென்ஸ் நகருக்குள் பத்தரை கொடுத்தால் 1,430 லிட்டர். லிட்டர் 2.80 வெள்ளி என்று வைத்தால் 1,200 வெள்ளி மிச்சம். ஜோகூரில் போய் நிரப்பிக்கொள்ளலாமே என்பீர்கள். உட்லண்ட்ஸ் எல்லையைத் தாண்டும்போது தொட்டியில் முக்கால் பங்கு இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, மலேசியாவின் மானிய விலை ரான் 95 பெட்ரோல் நம் கார்களுக்கு இல்லை. அது பெரிய மிச்சமில்லை.

ஆக இரண்டுக்கும் ஆண்டுக்கு 200 வெள்ளிதான் வித்தியாசம். இனி முடிவு செய்யப்போவது பழுது.

லெக்சஸில் டர்போ கிடையாது. வழக்கமான கியர்பாக்ஸும் இல்லை, அதற்குப் பதில் மோட்டார்களோடு சேர்ந்த எளிய பற்சக்கர அமைப்பு. தனி ஸ்டார்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் இல்லை. இல்லாத பாகம் கெட்டுப்போகாது. ஹைப்ரிட் பேட்டரிதான் பலருக்கும் பயம். பின்சீட்டுப் பக்கம் அந்த பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கும், அதன் வடிகட்டியில் தூசி அடைத்துக்கொண்டால் பேட்டரி சூடேறி ஆயுள் குறையும். சர்வீஸ் சீட்டில் அந்த வடிகட்டியைச் சுத்தம் செய்த பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

பென்ஸ் இ கிளாஸ் பிஎம்டபிள்யூ அளவுக்குப் பயமுறுத்தாது. ஆனாலும் கியர்பாக்ஸ் ஆயில் ஒழுங்காக மாற்றியிருக்கிறார்களா, கேம்ஷாஃப்ட் பக்கம் எண்ணெய் கசிந்து ஒயரிங்குக்குள் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றுப்பை சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால் இரவு முழுக்க நின்ற பிறகு ஒரு மூலை தாழ்ந்திருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். அது போனால் செலவு ஆயிரங்களில்தான். பென்ஸ் வாங்குகிறவர் முதல் நாளே 8,000 வெள்ளியைத் தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். லெக்சஸுக்கு 3,000 போதும் என்பது என் அனுபவக் கணிப்பு.

இந்தத் தொகை ஏன் முக்கியம் என்றால், கடன் விதி அப்படி. ஓஎம்வி 20,000 வெள்ளிக்கு மேல் இருந்தால் கார் விலையில் 60 விழுக்காடுதான் கடன் எடுக்கலாம். 85,000 வெள்ளி காருக்கு 34,000 கையிலிருந்து போக வேண்டும். ஏழு ஆண்டு வரை கடன் உண்டு என்றாலும், மூன்று ஆண்டு சிஓஇ உள்ள காருக்குப் பொதுவாக மூன்று ஆண்டுக்கு மேல் தர மாட்டார்கள். 51,000 வெள்ளியை 36 மாதத்தில், 2.78 விழுக்காடு என்று சொல்லப்படும் வட்டியில் அடைத்தால் மாதம் 1,535 வெள்ளி. முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவதால் உண்மையான வட்டி 5 விழுக்காட்டுக்கு மேல். மாப்பிள்ளையிடம் சேமிப்பு 40,000 வெள்ளி இருந்தது. 34,000 கொடுத்துவிட்டு 6,000 வெள்ளியோடு பென்ஸ் ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு கியர்பாக்ஸ் பழுது வந்தால் கிரெடிட் கார்டில்தான் போய் நிற்கும்.

புதுக் கார் வாங்கினால் என்ன என்று தங்கை கேட்டாள். அதே தேய்மானத்துக்குப் புது ஜப்பான் செடான் கிடைக்கும், ஐந்து ஆண்டு தலைவலி இருக்காது. ஆனால் பத்தாண்டுக் கட்டுப்பாடு, கடனும் பெரிது. அவர்களுடைய மகள் இரண்டு ஆண்டில் பல்கலைக்கழகம் போகிறாள். மூன்று ஆண்டில் முடிந்துவிடும் செலவுதான் அவர்களுக்குப் பொருந்தும்.

காரே வேண்டாம் என்ற வழியையும் எழுதிப் பார்த்தோம். தேய்மானம், சாலை வரி, காப்புறுதி, பெட்ரோல், வீவக அடுக்குமாடிக் கூரை நிறுத்துமிடத்துக்கு மாதம் 110 வெள்ளி, ஈஆர்பி சாலைக் கட்டணம், பராமரிப்பு எல்லாம் சேர்ந்தால் மாதம் 2,500 வெள்ளியைத் தொடுகிறது. தினம் 30 வெள்ளிக்கு கிராப் வாடகைக் கார் எடுத்தாலும் மாதம் 900. பணம் மட்டும்தான் கேள்வி என்றால் விடை இங்கேயே முடிந்துவிட்டது. அதைத் தங்கையும் மாப்பிள்ளையும் தெரிந்துகொண்டே மேலே போனார்கள். தெரியாமல் போவதுதான் ஆபத்து.

அப்புறம் மூவருமாக, பழைய கார் கடைகள் இருக்கும் உபிக்கும் காக்கி புக்கிட்டுக்கும் இரண்டு சனிக்கிழமை அலைந்தோம். போகும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன் மோட்டோரிங் தளத்தில் வண்டி விவரத்தைப் பார்த்துவிடுவது நல்லது. எத்தனை கை மாறியிருக்கிறது, ஏஆர்எஃப் எவ்வளவு, பார்ஃப் தகுதி உண்டா என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஏழு ஆண்டில் நான்கு உரிமையாளர் என்றால் நான் நேரே அடுத்த வண்டிக்குப் போய்விடுவேன். விற்பவர் என்ன சொன்னாலும் எஸ்டிஏ, விக்கம் போன்ற பரிசோதனை நிலையத்தில் மதிப்பீடு எடுக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சில நூறு வெள்ளி செலவு. அதற்குச் சம்மதிக்காத கடைக்காரரிடம் பேசுவதற்கு வேறொன்றும் இல்லை.

நேரடி உரிமையாளரிடம் வாங்கினால் விலை குறையும், உண்மைதான். ஆனால் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் கடையில் வாங்கிய பழைய காருக்குத்தான் பாதுகாப்புத் தரும், தனியாரிடம் வாங்கியதற்கு இல்லை. ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றே எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. வயதுக்குரிய தேய்மானத்தை இதில் சேர்க்க முடியாது. எண்ணெய்க் கசிவு உண்டு என்று நம்மிடம் சொல்லி, நாமும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கும் பேச்சில்லை. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பாருங்கள்.

இரண்டாவது சனிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மாவையும் அழைத்துப் போயிருந்தோம். பென்ஸில் ஏறினார், வலது காலை உள்ளே எடுக்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டார். லெக்சஸில் முன்சீட்டை நாங்கள் பின்னுக்குத் தள்ளுவதற்குள் அவரே உட்கார்ந்துவிட்டார். "இது நல்லாருக்கு தம்பி, கால் இடிக்கல." மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அவர் பார்வை மட்டும் பென்ஸின் முன்பக்க நட்சத்திரத்தில் இருந்தது. எனக்கு அவர் மேல் பாவமாகத்தான் இருந்தது.

"மாப்பிள்ளை, பென்ஸ்தான் வேணும்னா தப்பே இல்லை. கடைக்காரர் 80,000க்கு இறங்கணும், ரிப்போர்ட் சுத்தமா வரணும், கையில 8,000 தனியா நிக்கணும். இந்த மூணும் நடந்தா எடுத்துக்குங்க. ஒண்ணு தவறினாலும் லெக்சஸ்." 80,000 என்றால் முன்பணம் 32,000 ஆகிவிடும், அவர் கணக்கில் சரியாக 8,000 மிஞ்சும். அவர் கைப்பேசியில் அதைக் கூட்டிப் பார்த்துக்கொண்டார்.

பென்ஸ் கடைக்காரர் 82,500 வரை வந்திருக்கிறார். வரும் சனிக்கிழமை காலை எட்டரைக்கு லெக்சஸுக்குப் பரிசோதனை பதிவு செய்திருக்கிறது. அதற்கு முன் கடையில் வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்து வைத்திருக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறோம். மாப்பிள்ளை முதலில் போய் பானட்டைத் தொட்டுப் பார்ப்பார், அது குளிர்ந்திருந்தால்தான் மற்றதெல்லாம்.